அண்ணி அளந்து கொடுத்த மருந்து

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் நான் வேலை செய்கிற விறகுத் தொட்டியில், விற்கிற விறகுக்குப் போடும் எடைச் சீட்டு மட்டும்தான். அதில் எண்கள் அதிகம், எழுத்து குறைவு. ஒற்று எங்கே வரும், எந்த ‘ர’ எங்கே வரும் என்பதெல்லாம் எனக்கு இன்றுவரை சந்தேகம். படிக்கிறவர்கள் அதைப் பொறுத்துக்கொண்டு, சொல்ல வந்ததை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல எனக்கு வராது. நாலு பேர் இருக்கிற இடத்தில் என் குரல் தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன். சொல்ல வந்தது என் அண்ணனுடைய கல்லீரலைப் பற்றி.

மாமல்லபுரத்துக்கு மேற்கே, கால்வாய்க் கரையில் எங்கள் வீடுகள். அண்ணன் வீடும் என் வீடும் ஒரே முற்றத்தில். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடங்களில் நான் வாயே திறக்காததால் அந்தப் பேச்சு அப்படியே நின்றுவிட்டது. அண்ணன் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அவர்களுக்குக் குழந்தை இல்லை. அண்ணி என்னைத் தம்பி என்று கூப்பிடுவார்.

அண்ணன் படகுக்காரர். சவுக்குத் தோப்புகளில் வெட்டிய கட்டைகளைப் படகில் ஏற்றிக் கால்வாய் வழியாகப் பட்டணத்துக்குக் கொண்டுபோவார்கள். காற்று இருந்தால் பாய். இல்லையென்றால் கழி போட்டுத் தள்ளவேண்டும், அல்லது கரையில் நடந்து கயிற்றால் இழுக்கவேண்டும். நெஞ்சில் கயிற்றை மாட்டிக்கொண்டு சேற்றில் நடக்கிற வேலை. அந்த வேலைக்குக் குடி இல்லாமல் முடியாது என்று எல்லோரும் நம்பினார்கள். மதுவிலக்கு வருவதற்கு முன் கள்ளுக்கடை இருந்தது. வந்த பிறகு தோப்புக்குள்ளே வேலம்பட்டையும் வெல்லமும் போட்டுக் காய்ச்சினார்கள். முன்பு கள் குடித்தவர்கள் இப்போது சாராயம் குடித்தார்கள். அவ்வளவுதான் நடந்த மாற்றம்.

அண்ணன் குடித்துவிட்டுத் தெருவில் விழுந்தவர் இல்லை. அண்ணியை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. குடித்தால் இன்னும் அமைதியாகிவிடுவார். சிரித்த முகமாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வார். அதனால் அவர் குடிப்பது யாருக்கும் ஒரு குறையாகவே படவில்லை. அடிதடி செய்கிறவன்தான் குடிகாரன் என்று நினைத்திருந்தோம். உள்ளே இருக்கிற ஈரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

உடம்பு சொல்லத்தான் செய்தது. காலையில் எழுந்ததும் குமட்டும். நாஸ்தா இறங்காது. வாயெல்லாம் கசக்கிறது என்பார். பித்தம் என்று சொல்லி அண்ணி எலுமிச்சம்பழத்தைத் தலையில் தேய்த்துவிடுவார், சுக்குக் கஷாயம் வைப்பார். பிறகு முழங்காலுக்குக் கீழே சதை வற்றியது. மூக்கிலிருந்து காரணமில்லாமல் ரத்தம் வந்தது. அதையும் பித்தம் என்றுதான் சொன்னோம். எங்களிடம் அந்த ஒரு சொல் இருந்தது. எது வந்தாலும் அதைக்கொண்டு மூடிவிட்டோம். உள்ளங்கை இரண்டும் மருதாணி வைத்ததுபோலச் சிவந்துகொண்டு வந்தது. அண்ணி அதைப் பார்த்துச் சிரிப்பார்.

“கட்டை தூக்கற கையா இது? ஜமீன் வூட்டுக் கையாட்டம் கீது.”

“நான் ஜமீன்தான். நீதான் நம்ப மாட்ற” என்பார் அண்ணன்.

ஒரு மார்கழியில் அவர் கண் மஞ்சளானது. எங்கள் பக்கத்தில் கண் மஞ்சளானால் யாரும் பயப்படுவதில்லை. காமாலை இறக்குகிறவர் ஒருவர் இருந்தார். அவரிடம் போனால் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுப்பார். கையில் ஏதோ பட்டைச் சாற்றைத் தடவி, ஒரு கிண்ணியில் சுண்ணாம்புத் தண்ணீர் வைத்துக் கழுவச் சொல்வார். கழுவக் கழுவத் தண்ணீர் மஞ்சளாகும். உடம்பில் இருந்த காமாலை கிண்ணிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். நானும் பார்த்தேன், தண்ணீர் உண்மையிலேயே மஞ்சளாகத்தான் ஆனது. வீட்டுக்குத் திரும்பும்போது அண்ணி எல்லோரிடமும் இறங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டு வந்தார். அந்தப் பட்டைச் சாறு யார் கையில் பட்டாலும் சுண்ணாம்பில் மஞ்சளாகும் என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். தெரிந்து ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் கண்ணும் கொஞ்ச நாளில் பாதி வெளுத்தது. ஆனால் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, எடுத்த பிறகும் அப்படியே நின்றது.

அப்போதுதான் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ். அண்ணி ஜன்னல் பக்கம் அண்ணனை உட்காரவைத்து, வழியெல்லாம் எலுமிச்சம்பழத்தை அவர் மூக்கருகே பிடித்துக்கொண்டு வந்தார்.

டாக்டர் வயதானவர் இல்லை. கோபக்காரரும் இல்லை. அண்ணனைப் படுக்கவைத்து வலது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். வயிற்றைத் தட்டித் தட்டிக் கேட்டார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நான் கதவோரம் நின்றிருந்தேன்.

“குடிப்பியா?”

“எப்பனா ஒரு தபா சார்” என்றார் அண்ணன்.

டாக்டர் அவர் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். “எப்பவாவது குடிக்கிறவன் கை இப்படிச் சிவக்காது. உண்மையைச் சொல்லு. போலீஸுக்குச் சொல்றதுக்காகக் கேக்கலை.”

அண்ணன் கையை இழுத்துக்கொண்டார். அண்ணி சொன்னார்: “தெனம் குடிப்பாரு சார். ஆனா தொந்தரவு ஒண்ணும் கெடையாது.”

“உங்களுக்குத் தொந்தரவு இல்லம்மா. அவர் ஈரலுக்கு?” என்று கேட்டுவிட்டு, டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஆட்டு ஈரல் பார்த்திருப்பீர்கள், அழுத்தினால் மெத்தென்று இருக்கும், மனுஷனுடையதும் அப்படித்தான். சாப்பிடுகிறது, குடிக்கிறது எல்லாம் அதன் வழியாகத்தான் ரத்தத்துக்குப் போகிறது. பித்தம் என்பது தலையில் ஏறுகிற பூதம் இல்லை; ஈரல் செய்கிற ஒரு நீர். அது ஒரு சின்னப் பையில் தங்கிக் குடலுக்குப் போய் எண்ணெயையும் கொழுப்பையும் கரைக்கிறது. தினம் தினம் சாராயம் போனால் ஈரல் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்து, செத்த இடமெல்லாம் தழும்பாகி இறுகிவிடும். அப்போது பித்த நீர் போக வழியில்லாமல் ரத்தத்தில் கலந்து கண்ணுக்கு வருகிறது. தண்ணீர் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது.

“மறுபடி மெத்துனு ஆவாதா சார்?” என்று அண்ணி கேட்டார்.

“தழும்பு ஆனது ஆனதுதான். மிச்சம் இருக்கிறதை வச்சுக்கிட்டு ஓட்டலாம். இவர் இனிமே ஒரு சொட்டு தொடக்கூடாது. தொட்டா போயிடுவார். சாப்பாட்டிலே உப்பு கூடாது. இந்த ரெண்டுதான் மருந்து. நான் எழுதிக் கொடுக்கிறதெல்லாம் அதுக்கு அப்புறம்.”

எங்களுக்கு அன்று கிடைத்தது அந்த ஒரு வழி. அண்ணன் குடிக்காமல் இருந்தால் இருப்பார், குடித்தால் இருக்கமாட்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது மூன்று பேரும் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தோம்.

அண்ணன் அண்ணி கையில் அடித்துச் சத்தியம் செய்து சாராயத்தை விட்டார். இதை நான் அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் ஊரில் வேறுவிதமாகப் பேசினார்கள். தோப்புப் பக்கமே போகவில்லை. படகு வேலைக்கும் போகமுடியவில்லை. கை நடுங்கியது, தூக்கம் வரவில்லை, வியர்த்துக் கொட்டியது. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கால்வாயில் போகிற படகுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். அண்ணி வீட்டில் உப்பை நிறுத்தினார். அவருக்கு மட்டும் தனியாகச் சமைத்தால் எங்கள் தட்டைப் பார்த்து அவருக்கு ஆசை வரும் என்று எல்லோருக்குமே உப்பில்லாத சமையல். கருவாட்டுப் பானையைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார்.

பக்கத்து வீட்டுக்காரர் அண்ணனோடு ஒரே படகில் கழி போட்டவர். அண்ணனைவிட வயதில் சின்னவர். அண்ணனை அண்ணாத்த என்றும், என்னை மச்சான் என்றும் கூப்பிடுவார். எல்லாவற்றுக்கும் ஒரு கேலி வைத்திருப்பார்.

“இன்னா மச்சான், உப்பளத்தாண்ட குந்திகினு உப்பில்லாம துன்றீங்க? ஊரு உப்பெல்லாம் யாருக்கு, பட்டணத்துக்காரனுக்கா?”

“உனுக்குத்தான். நீ துன்னு, உனுக்கும் கால் வீங்கட்டும்” என்றார் அண்ணன். பல நாளைக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

ஆஸ்பத்திரியில் மருந்து வாங்க அண்ணி தனியாகவே செங்கல்பட்டு போய்வரப் பழகிக்கொண்டார். ஒரு முறை போனபோது, பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் விசாரித்திருக்கிறார். ஈரல் கெட்டுப்போனவருக்கு, சாப்பாடு இறங்காதவருக்குப் பலம் வர ஏதாவது உண்டா என்று. கடைக்காரர் ஒரு பாட்டில் அரிஷ்டம் எடுத்துக் கொடுத்தார். திராட்சைக் குலை படம் போட்ட சீட்டு ஒட்டியிருந்தது. பிள்ளை பெற்றவர்களுக்கும் வயசானவர்களுக்கும் எல்லோரும் வாங்கிப்போகிறது, பசி எடுக்கும், ரத்தம் ஊறும் என்று சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு வியாதி தெரியாது, அண்ணிக்கு மருந்து தெரியாது. காகிதத்தில் சுற்றி, முந்தானைக்குள் வைத்து, பஸ் குலுக்கலில் உடையாமல் கொண்டுவந்தார். கூடவே கோடு போட்ட ஒரு சின்ன அவுன்ஸ் கிளாஸும் வாங்கி வந்தார்.

எங்கள் எண்ணத்தில் குடி என்றால் பானையில் இருப்பது. தோப்பில் ஒளித்து வைப்பது, போலீஸ் வந்தால் கொட்டுவது, நாற்றமடிப்பது. கடையில் கண்ணாடி அலமாரியில் வைத்து, சீட்டு ஒட்டி, பட்டப்பகலில் விற்பது மருந்து. மதுவிலக்கு எங்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது ஒன்றுதான். சட்டம் விற்க விடுகிற பொருளில் சாராயம் இருக்கமுடியும் என்று அந்த முற்றத்தில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. திராட்சை, வெல்லம், வாசனைச் சரக்கு எல்லாம் போட்டுப் பானையில் மூடிப் புளிக்கவைத்து எடுப்பதுதான் அரிஷ்டம் என்று அப்போது தெரியாது.

அண்ணி அதைக் கிளாஸில் கோடு பார்த்து ஊற்றி, சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். சில நாட்களில் அவர் முகத்தில் தெளிவு வந்தது. கை நடுக்கம் நின்றது. ராத்திரி தூங்கினார். சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அண்ணிக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. உப்பில்லாத குழம்பைக் கரண்டியில் எடுத்து ஊற்றும்போது அவர் கையே வேறு மாதிரி இருந்தது.

சாயங்காலமானால் அண்ணன் முகம் கழுவி, தலை வாரி, கட்டிலில் தயாராக உட்கார்ந்திருப்பார். “இன்னாமே, நேரம் ஆவல?” என்று குரல் கொடுப்பார். அண்ணி கிளாஸை எடுத்துக்கொண்டு வருவார். கோடு வரைக்கும் ஊற்றியது, கோட்டுக்கு மேலே போனது. பிறகு கிளாஸ் போய் டம்ளர் வந்தது.

“கடைக்காரர் அளவு சொல்லலியா அண்ணி?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“சொன்னாரு. நல்லது பண்ற மருந்து, கொஞ்சம் கூடத்தான் போவட்டுமே தம்பி. இன்னா ஆவும்?” என்றார்.

பாட்டில் தீர்ந்தால் அடுத்த பாட்டில். செங்கல்பட்டு பஸ்ஸில் போகிறவர்களிடம் எல்லாம் சொல்லி வாங்கிவரச் செய்தார்.

மழைக்காலம் முடிவதற்குள் அண்ணன் வயிறு பெரிதாகிவிட்டது. கை கால் குச்சி, நடுவில் பானை. தோல் இழுபட்டு நீல நரம்புகள் தெரிந்தன. படுத்தால் மூச்சு முட்டியது. மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். படுக்கவைத்து, வயிற்றில் ஊசி போட்டுத் தண்ணீரை எடுத்தார்கள். வாளியில் அது இறங்குவதை நான் பார்த்தேன். இளநீரில் மஞ்சள் கரைத்த நிறம்.

அண்ணி வெளியே துணி அலசப் போயிருந்த நேரத்தில் டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

“குடிக்கிறாரா?”

“இல்ல சார்.” எனக்கு எப்படியோ குரல் வந்தது. “சத்தியமா இல்ல. தோப்புப் பக்கமே போவல.”

“நான் கொடுக்கிறதைத் தவிர வேற என்ன மருந்து சாப்பிடறார்?”

ஆஸ்பத்திரியிலும் ஒரு வேளை தவறக்கூடாது என்று அண்ணி அரிஷ்டப் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். எடுத்துக் கொடுத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது; எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று அவருக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். டாக்டர் மூடியைத் திறந்து முகர்ந்தார். சீட்டைப் படித்தார். திரும்ப மூடினார்.

“எவ்வளவு கொடுக்கிறீங்க?”

“டம்ளர்ல…”

அவர் பாட்டிலைத் திருப்பி என் கையில் கொடுத்தார். “இதுல சாராயச் சத்து இருக்குப்பா. புளிக்கவச்சு எடுத்தது.”

“மருந்துன்னு சொன்னாங்க சார்.”

“மருந்துதான். உன் அண்ணனுக்கு இல்லை.”

டாக்டருக்கு என் முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ, பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “இது இல்லாம இருந்தாலும் எத்தனை நாள் தாங்கியிருக்கும்னு எனக்குச் சொல்லத் தெரியாது. முதல்ல வந்தப்பவே ரொம்பக் கெட்டிருந்தது. வீட்டிலே அந்த அம்மாவைத் திட்டாதீங்க.”

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்தச் சொல்லால் எனக்கு ஒரு பிடியும் இல்லாமல் போயிற்று. இதனால்தான் என்றும் சொல்லமுடியாது, இதனால் இல்லை என்றும் சொல்லமுடியாது.

வார்டில் அண்ணனுக்குப் பக்கத்துக் கட்டிலில் படாளத்துக்காரர் ஒருவர் இருந்தார். விவசாயி. பித்தப் பையில் கல் என்று சேர்த்திருந்தார்கள். வலி வரும்போது வலது தோளைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கத்துவார்; வலி போனதும் உட்கார்ந்து வெற்றிலை கேட்பார். அவரைப் பட்டணத்துக்கு அனுப்பிப் பையையே அறுத்து எடுத்துவிடப் போகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

அண்ணன் அவரைக் காட்டி என்னிடம் சொன்னார்: “பையில கல்லு இருந்தா எடுத்துடலாமாம்டா. ஈரலே கல்லாப் பூட்டா எடுக்க முடியாதாம். அவன் கத்தறான், பொழச்சிக்குவான். எனுக்கு வலியே இல்ல.”

நான் பாட்டிலைப் பற்றி எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு கட்டில் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தேன். அண்ணனே கேட்டார்.

“டாக்டரு அத்த மோந்து பாத்தாரா?”

“பாத்தாரு.”

“இன்னா சொல்ட்டாரு?”

“அதுல… சாராயம் கீதாம்.”

அண்ணன் கூரையைப் பார்த்தார். “எனுக்குத் தெரியும்டா.”

“எப்போலேர்ந்து?”

“மொத வாய்லயே. இத்தினி வருசம் குடிச்ச நாக்குக்குத் தெரியாதா?” என் பக்கம் திரும்பிச் சொன்னார்: “மருந்துன்னு அவ குடுத்தா. மருந்துன்னு குடிச்சேன். தோப்புக்குப் போவல, சத்தியத்த மீறல. கையி நடுங்காம இருந்திச்சி. அவளும் சிரிச்சிகினு இருந்தா. எப்புடிடா வேணான்னு சொல்றது?”

நான் கம்பியை விட்டுவிட்டு அவர் போர்வையை இழுத்துவிட்டேன்.

“அவகிட்ட சொல்லாத” என்றார். “வயித்துல தண்ணி கீறதால நிறுத்தச் சொல்ட்டாருன்னு சொல்லிக்கலாம்.”

அப்படித்தான் சொன்னோம். அண்ணி டாக்டர்மேல் வருத்தப்பட்டார். உடம்பைத் தேற்றிய மருந்தை நிறுத்தச் சொல்கிறாரே என்றார். ஆனால் நிறுத்தினார். வீட்டுக்கு வந்த பிறகு நடுக்கம் திரும்ப வந்தது. வயிறும் திரும்ப நிறைந்தது. அண்ணனுக்குச் சில நேரம் நாங்கள் யார் என்றே தெரியவில்லை. பகலைத் தூங்கிக் கழித்துவிட்டு, ராத்திரியெல்லாம் இல்லாத படகுக்குக் கயிறு கேட்டார். தை மாதம், ஒரு நாள் மத்தியானம், கஞ்சி குடிக்க உட்காரவைத்தபோது ரத்த வாந்தி எடுத்தார். அவ்வளவு ரத்தம் ஒரு மனுஷன் வயிற்றில் இருக்குமென்று நான் நினைத்ததில்லை. பஸ்ஸுக்கு ஆள் ஓடினான். பஸ் வரவேண்டிய தேவை இருக்கவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் எல்லாம் அண்ணி ஒன்றையே சொன்னார். “அந்த அரிஷ்டத்த நிறுத்துனதுதான். அது குடிக்கற வரிக்கும் முகம் எப்படி இருந்துச்சி, நீங்களே பாத்தீங்களே. நிறுத்துனாங்கோ, பூட்டாரு.” எல்லோரும் பார்த்திருந்தார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவருக்கு அப்படி ஒரு காரணம் இருப்பது ஒருவிதத்தில் நல்லது என்று நினைத்தேன். டாக்டரைத் திட்டிக்கொண்டிருந்தால் தன்னைத் திட்டிக்கொள்ளமாட்டார் அல்லவா.

அது அப்படியே போயிருக்கும். ஆனால் அந்த வருஷம் ஆடியில் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கண் மஞ்சளானது.

அவரும் அதே தோப்பில் அதே பானையில் குடித்தவர். அவர் மனைவி வந்து அண்ணியிடம் சொல்லி அழுதிருக்கிறார். அடுத்த நாள் காலையில் நான் விறகுத் தொட்டிக்குக் கிளம்பும்போது, அண்ணி முற்றத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். கையில் பாட்டில். அண்ணனுக்காக வாங்கி, திறக்காமல் மிச்சமிருந்தது. இடுப்பில் அவுன்ஸ் கிளாஸைச் செருகியிருந்தார்.

“எங்க அண்ணி?”

“அவுங்க வூட்டுக்குத்தான். சும்மா கெடக்குதே, அவுராவது பொழைக்கட்டும்.”

“குடுக்காதீங்க.”

நான் அவரிடம் அப்படிப் பேசியதே இல்லை. அவர் நின்றார்.

“இன்னா தம்பி?”

“அதுல சாராயம் கீது அண்ணி. டாக்டரு சொன்னாரு. அதான் நிறுத்தச் சொன்னாரு.”

அவர் பாட்டிலைப் பார்த்தார். சீட்டில் இருந்த திராட்சைக் குலையைப் பெருவிரலால் தடவினார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

“கடையில விக்கறாங்களே.”

“கீது அண்ணி. புளிக்கவச்சதாம்.”

“நான் டம்ளர்ல ஊத்தினேன்” என்றார். எனக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்: “அவுருக்குத் தெரியுமா?”

இந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவில்லை. தெரியாது என்று சொன்னால், ஒன்றும் தெரியாத மனுஷனுக்கு இவர் கையாலேயே ஊற்றிக் கொடுத்ததாக ஆகும். தெரியும் என்று சொன்னால், தினமும் சாயங்காலம் முகம் கழுவித் தலை வாரி அவர் காத்திருந்தது யாருக்காக என்று இவர் யோசிக்க ஆரம்பிப்பார். இரண்டில் எது குறைவாக வலிக்கும் என்று பார்க்க எனக்கு நேரமும் இல்லை, அறிவும் இல்லை. பொய்யும் சட்டென்று வரவில்லை.

“தெரியும்” என்றேன். “மொத வாய்லயே தெரிஞ்சிதாம். நீங்க சிரிச்சிகினு இருந்தீங்கன்னு சொன்னாரு.”

இரண்டாவது வாக்கியம் அவருக்கு எட்டியதா என்று தெரியவில்லை. அவர் அழவில்லை. பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். நான் அதைக் கால்வாயில் கொட்டினேன். அதன் பிறகு அவர் என்னிடம் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. முன்பெல்லாம் அண்ணன் பேச்சில்லாமல் ஒரு வேளை சோறு போட்டதில்லை. அடுத்த மாதம் திருப்போரூர் பக்கம் தன் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டார். பஸ் ஏற்றிவிடப் போனேன். “உடம்ப பாத்துக்க தம்பி” என்றார். அவ்வளவுதான். இரண்டு முறை போய்ப் பார்த்தேன். ஆள் இளைத்திருந்தார். உப்பில்லாமல்தான் இன்னும் சாப்பிடுகிறார் என்று அக்காள் சொன்னார்.

பக்கத்து வீட்டுக்காரரிடமும் போய்ச் சொன்னேன். ஒருவரை முறித்துப் போட்டாகிவிட்டது, அதற்காவது இன்னொருவர் பிழைக்கட்டும் என்ற எண்ணத்தில், எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். டாக்டர் சொன்னபடியே ஆட்டு ஈரலிலிருந்து ஆரம்பித்தேன். நடுவில் திக்கியது. அவர் கட்டிலில் சாய்ந்துகொண்டு முழுதும் கேட்டார்.

“மச்சான், நீ இம்மாம் பேசி நான் கேட்டதே இல்ல” என்றார். “சரி, அண்ணாத்த அத்த குடிச்சப்போ முகம் தெளிஞ்சிச்சா இல்லையா? அத்தச் சொல்லு.”

“தெளிஞ்சிச்சு.”

“அப்புறம் இன்னா?”

“அது தெளிவு இல்ல. நடுக்கம் நின்னுச்சி, அவ்ளோதான். நீ செங்கல்பட்டு போ. நான் கூட வரேன்.”

“போயி? அவரு உப்பு துன்னாதேம்பாரு, குடிக்காதேம்பாரு. உங்க அண்ணன் கேட்டாரு. இன்னா ஆச்சி?”

அவர் ஆள் அனுப்பி அதே கடையில் அதே திராட்சைப் பாட்டிலை வாங்கிவரச் செய்தார். கால்வாய்க் கரையில் இப்போது இன்னும் சில வீடுகளிலும் அது இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்துதான் பரவியது. அண்ணி நாலு பேரிடம் சொன்னதை நான் இனி நாற்பது பேரிடம் சொல்லி மாற்றமுடியாது. நான் பேசினால் சிரிக்கிறார்கள். கல்யாணமாகாதவனுக்கு வேறு வேலை இல்லை என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இப்போது படகுக்குப் போவதில்லை. அவர் வயிறும் எழும்பிவிட்டது. நேற்று என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். வெயிலில் அந்த உள்ளங்கை தூரத்திலிருந்தே சிவப்பாகத் தெரிந்தது.

கேட்கிறவர் இல்லாவிட்டாலும் எழுதிவைக்கிறேன். தினம் குடிக்கிறவன் தெருவில் விழாவிட்டாலும் அவன் ஈரல் விழுந்துகொண்டிருக்கிறது. காலைக் குமட்டலைப் பித்தம் என்று சொல்லி மூடவேண்டாம். உள்ளங்கை காரணமில்லாமல் சிவந்தால், கால் வற்றினால், கண் மஞ்சளாகும்வரை காத்திருக்காமல் போங்கள். கண்ணுக்கு வந்த பிறகு நாங்கள் போனோம். கிண்ணித் தண்ணீர் மஞ்சளானால் உடம்பு வெளுத்துவிட்டது என்று அர்த்தமில்லை. கடையில் எதை வாங்கினாலும் டாக்டரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள், எவ்வளவு நல்ல கடையானாலும், கொடுக்கிறவர் கை எவ்வளவு நல்ல கையானாலும். இவ்வளவும் தெரிந்திருந்தால் அண்ணன் பிழைத்திருப்பாரா என்று கேட்டால், டாக்டர் சொன்னதைத்தான் நானும் சொல்லவேண்டும். தெரியாது.

பக்கத்து வீட்டில் இப்போது வாளி வைக்கும் சத்தம் கேட்கிறது. இன்று காலையிலிருந்து அவருக்கு வாந்தி. நான் எழுந்து போகவேண்டும்.

விளம்பி வருஷம், ஐப்பசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. இங்கிலீஷ் தேதி 26, அக்டோபர், 1958.